டெக்பெட்ஓவெர்ட்ரெக்: நீண்ட டச்சுச் சொற்களின் மூட்டுகளும் அழுத்தமும்

கரூரில் வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதித் தொழிலில் இருப்பவர்களுக்கு ஐரோப்பிய மொழிகளோடு ஏற்படும் முதல் பழக்கம் இலக்கியத்தால் வருவதில்லை. படுக்கை விரிப்போடு உள்ளே வைத்து அனுப்பும் அட்டையாலும் ஓரத்தில் தைக்கும் துவைப்புக் குறிப்பு லேபிளாலும் வருகிறது. ஒரே செய்தியை ஆங்கிலம், பிரெஞ்சு, டச்சு என்று வரிசையாக அச்சிடும்போது, ஆங்கிலம் இரண்டு சொல்லிலும் பிரெஞ்சு மூன்று சொல்லிலும் சொல்லும் மெத்தைப்போர்வை உறையை டச்சு ஒரே சொல்லாகச் சொல்லிவிடுகிறது: டெக்பெட்ஓவெர்ட்ரெக். அது இருவர் படுக்கும் அளவு என்றால் ட்வேபெர்ஸோன்ஸ்டெக்பெட்ஓவெர்ட்ரெக். டச்சு எழுத்தில் 26 எழுத்துகள். நடுவில் ஓர் இடைவெளிகூடக் கிடையாது. எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன், நெதர்லாந்து வாடிக்கையாளரோடு பேசுவதற்கு முன் இந்தச் சொல்லைப் பார்த்துவிட்டு, “ஏனுங்க்கா, இதுல மூச்சு எங்கீங்க விடறது?” என்று கேட்டான். மிகச் சரியான கேள்வி. அதற்கு நின்று பதில் சொல்ல அப்போது நேரமில்லாததால் இங்கே எழுதுகிறேன்.

டச்சு ஒலிகளைத் தமிழ் எழுத்தில் எழுதுவதில் சில இழப்புகள் உண்டு. அடித்தொண்டையைச் சுரண்டிக்கொண்டு வரும் ஒலியை ‘ஃக’ என்று எழுதுகிறேன். ஆய்தத்துக்கு இது பொருத்தமான வேலைதான். ‘அசை’ என்று நான் குறிப்பிடுவது யாப்பிலக்கணத்தின் நேரசை, நிரையசை அல்ல. ஓர் உயிரொலியைச் சுற்றி அமையும் ஒரு துண்டு. யாப்பில் ‘நிலா’ ஒரே நிரையசை, இங்கே அது இரண்டு அசை. நம் எழுத்தில் ஒரே வல்லெழுத்து இடத்துக்கு ஏற்ப இரண்டு விதமாக ஒலிப்பதால், தேவைப்படும் இடங்களில் ‘பட்டு’வில் உள்ள ட், ‘வண்டி’யில் உள்ள ட் என்று பிரித்துச் சொல்கிறேன்.

முதலில் மூட்டுகள். டெக்பெட்ஓவெர்ட்ரெக் என்பதில் நான்கு சிறு சொற்கள் உள்ளன: டெக் என்பது மூடுவது, பெட் படுக்கை, ஓவெர் மேலே, ட்ரெக் இழுப்பது. ஆனால் அவை சரம்போல வரிசையாகக் கோக்கப்பட்டவை அல்ல. டெக்கும் பெட்டும் முதலில் சேர்ந்து மெத்தைப்போர்வையைக் குறிக்கின்றன. ஓவெரும் ட்ரெக்கும் சேர்ந்து உறையைக் குறிக்கின்றன. பிறகு இந்த இரண்டும் சேர்கின்றன. ஆகவே பெரிய மூட்டு நடுவில் ஒன்று, சிறிய மூட்டுகள் இரு பக்கமும் ஒவ்வொன்று. மூச்சு விடுவதானால் நடுவில் விடலாம். பொருளைப் பொறுத்தவரை கடைசித் துண்டே தலைமை வகிக்கிறது என்பதும் நமக்குப் பழக்கமானதுதான்: வீட்டுக்கதவு ஒரு வகைக் கதவு, டெக்பெட்ஓவெர்ட்ரெக் ஒரு வகை உறை. சொல்லின் பாலையும் அந்தக் கடைசித் துண்டே முடிவு செய்கிறது. லாகென் என்னும் விரிப்பு, பாலைக் காட்டும் ‘ஹெட்’ என்னும் முன்சொல்லை ஏற்பதால், ஹூஸ்லாகென் என்னும் நான்கு மூலையும் மாட்டும் விரிப்பும் ‘ஹெட்’டையே ஏற்கிறது.

கூட்டுச்சொல்லின் நீளம் தமிழரைப் பயமுறுத்த வேண்டியதில்லை. நாமும் அதே வேலையைச் செய்பவர்கள்தாம். இடர் வேறோர் இடத்தில் இருக்கிறது. நாம் மூட்டுகளை உருக்கிவிடுவோம், டச்சுக்காரர்கள் உருக்குவதில்லை.

இதைப் பெட் என்னும் ஒரே துண்டை வைத்துக் காட்டிவிடலாம். எழுத்தில் அதன் இறுதியில் இருப்பது ‘வண்டி’யின் ட், ஆனால் தனியாகச் சொல்லும்போது வாயில் வருவது ‘பட்டு’வின் ட். டச்சில் சொல்லின் கடைசியில் நிற்கும் இத்தகைய மெய் தொண்டை அதிர்வை இழந்துவிடும் என்பது விதி. இப்போது பன்மை விகுதியைச் சேர்த்தால் பெ-டென் என்று அசை பிரிந்து, அந்த மெய் அடுத்த அசைக்குத் தாவி, ‘வண்டி’யின் ட் ஆகவே ஒலிக்கிறது. சரி, விகுதிக்குப் பதிலாக ஓவெர்ட்ரெக் சேர்ந்தால்? ஓவெரும் உயிரில்தான் தொடங்குகிறது. ஆகவே மெய் தாவ வேண்டும். ஆனால் தாவுவதில்லை. பெட் என்று ‘பட்டு’வின் ட் ஒலியில் அசை மூடிக்கொள்ள, அடுத்த அசை ஓ என்று புதிதாகத் தொடங்குகிறது. காரணம், பன்மை விகுதிக்குத் தனி வாழ்வு இல்லை. ஓவெர்ட்ரெக் தனித்து நிற்கக்கூடிய சொல். தனிச் சொல்லின் வாசலில் அசை நின்றுவிடும். தங்கத் தாது ரேகையைக் குறிக்கும் ஃகௌட்ஆடெர் என்னும் சொல்லிலும் இதுவே நடக்கிறது. சில பின்னொட்டுகளுக்குக்கூட இந்தத் தனிச்சொல் தகுதி உண்டு. சிவப்பைக் குறிக்கும் ரோட், விகுதி பெற்று ரோடெ ஆகும்போது ‘வண்டி’யின் ட் திரும்பி வருகிறது, ‘சிவப்புச் சாயலுள்ள’ என்னும் பொருளில் ரோட்அஃக்டெஃக் ஆகும்போது ‘பட்டு’வின் ட் அப்படியே நிற்கிறது.

நன்னூல் படித்தவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு நூற்பா நினைவுக்கு வரும்: “உடல்மேல் உயிர்வந்து ஒன்றுவது இயல்பே.” மெய்யில் முடியும் சொல்லுக்குப் பின் உயிரில் தொடங்கும் சொல் வந்தால் இரண்டும் ஒன்றிவிடும், பால் + அப்பம், பாலப்பம். பள்ளியில் மனப்பாடம் செய்தோமோ இல்லையோ, இது நம் நாக்கில் பதிந்த விதி. நம்மவர்கள் டச்சுச் சொல்லைப் பெ-டோ-வெர் என்று இழைத்துப் படிப்பதும் அந்த விதியின் செயல்தான். அலுவலகத்தில் பயிற்சி தரும்போது நான் சொல்வது இவ்வளவே: மூட்டு வரும் இடத்தில் நன்னூலை மூடி வையுங்கள்.

உயிரும் உயிரும் சந்திக்கும் இடத்திலும் இதே கதைதான். தலை + எழுத்து என்றால் நாம் ஒரு யகரத்தை உடம்படுமெய்யாக நுழைத்துத் தலையெழுத்து ஆக்குகிறோம். டச்சிலும் ஒரே சொல்லுக்குள் அப்படி நடக்கிறது; கடலைக் குறிக்கும் ஸே பன்மையில் ஸேயென் என்று யகரம் கலந்து ஒலிக்கிறது. ஆனால் கடல்வாத்தைக் குறிக்கும் ஸே-ஏன்ட் என்னும் கூட்டுச்சொல்லில் யகரத்துக்கு இடமில்லை. முதல் ஏயை முடித்துவிட்டு இரண்டாம் ஏயைத் தனியாகத் தொடங்க வேண்டும். இந்த வேறுபாட்டை எழுத்திலும் காட்டுகிறார்கள். ‘பச்சைப் புத்தகம்’ என்று எல்லோரும் அழைக்கும் அதிகாரபூர்வச் சொற்பட்டியலின் 1995ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து, கூட்டுச்சொல்லில் இப்படி உயிர்கள் மோதினால் நடுவில் இணைகோடு போடுகிறார்கள். சொல்லுக்குள்ளேயே மோதினால் முன்போலவே எழுத்தின் தலையில் இரட்டைப் புள்ளி வைக்கிறார்கள்.

அதே 1995 சீர்திருத்தம் மூட்டில் ஒரு புதிய குழப்பத்தையும் கொண்டுவந்தது. இரு சொற்களுக்கு நடுவே சாந்தாக வரும் ‘எ’ ஒலியைப் பல சொற்களில் ‘என்’ என்று எழுத வேண்டும் என்றார்கள். அப்பத்தைக் குறிக்கும் பனெகூக், எழுத்தில் பனென்கூக் ஆனது. படுக்கைத் துணிகளைப் பொதுவாகக் குறிக்கும் பெடென்ஃகூட் என்பதிலும் அந்த ன் உண்டு. எங்கள் அட்டைகளில் அடிக்கடி வரும் சொல் இது. ஆனால் பெரும்பாலான டச்சுக்காரர்களின் பேச்சில் அந்த ன் ஒலிப்பதே இல்லை. பசுவின் மடியைக் குறிக்கும் சொல் பழைய எழுத்து முறையில் ஏழு உயிரெழுத்துகள் தொடர்ந்து வரும் அதிசயமாக இருந்தது. புதிதாக நுழைந்த ஒரு ன் அந்தப் பெருமையைக் கெடுத்துவிட்டது.

மூட்டுகள் உருகுவதில்லை என்று சொன்னேன். ஆனால் அவை கல்லும் அல்ல. அசை எல்லை தாண்டாவிட்டாலும், எல்லையின் இரு பக்கமும் நிற்கும் மெய்கள் ஒன்றையொன்று பாதிக்கின்றன. டெக் என்பதன் இறுதியில் உள்ள க் தனியாகச் சொன்னால் ‘பக்கம்’ என்பதன் க். அடுத்துப் பெட் வந்ததும் அதன் அதிர்வை வாங்கிக்கொண்டு ‘சங்கு’வின் க் ஆகிவிடுகிறது. கைக்குட்டையான ஸக்டூக்கிலும் இதே மாற்றம் நிகழ்கிறது. காலால் ஆடும் பந்தான ஃபூட்பலில் ‘பட்டு’வின் ட் ‘வண்டி’யின் ட் ஆகிறது. துண்டைக் குறிக்கும் ஹண்ட்டூக்கில் இரண்டு ட் ஒன்றாகி ஹண்டூக் என்றே ஒலிக்கிறது. நம் புணர்ச்சி விதிகளைப் படித்தவருக்கு இதில் வியப்பு ஒன்றும் இருக்காது.

நாம் ஒரு டச்சுக் கூட்டுச்சொல்லை உருக்கிய சான்று தமிழிலேயே இருக்கிறது. நாகரிகமான எடுத்துக்காட்டு அல்ல, ஆனால் இதைவிடத் தெளிவானது கிடைக்காது. கக்கூஸ் என்பது டச்சுக்காரர்களின் கக்-ஹௌய்ஸ் என்னும் கூட்டுச்சொல். கக் என்பதற்குப் பொருள் சொல்லத் தேவையில்லை. ஹௌய்ஸ் என்றால் வீடு. மூட்டில் நின்ற ஹகரத்தைக் கரைத்து, ககரத்தை இரட்டிக்கச் செய்து, இரண்டு சொல்லை ஒன்றாக்கிவிட்டோம். அதில் மூட்டு இருந்த தடமே இன்று இல்லை.

இரட்டித்தல் என்றதும் இன்னொன்றைச் சொல்ல வேண்டும். டச்சு எழுத்தில் மெய்யெழுத்து இரட்டித்து வருவதைப் பார்த்ததும் தமிழர் அதை அழுத்தி இரட்டிப்பாகச் சொல்லிவிடுவார்கள், ‘பக்கம்’ என்பதைப் போல. டச்சில் அந்த இரட்டிப்பு நாக்குக்கு அல்ல, கண்ணுக்கு. லா-கென் என்பதில் முதல் அசை உயிரில் முடிந்து திறந்திருப்பதால் ஒற்றை உயிரெழுத்தே நெடிலாக ஒலிக்கும். அதே சொல்லில் ககரத்தை இரட்டித்து எழுதினால், முந்தைய அசை மூடியது, ஆகவே உயிர் குறில் என்று அறிவிப்பதாகப் பொருள்; மெருகுப்பூச்சு பூசுவதைக் குறிக்கும் லகென் அப்படி எழுதப்படுவது. ஒலிக்கும்போது ஒரே ஒரு க்தான். அசைப் பிரிப்பு தெரியாமல் டச்சு எழுத்தைக் கூட்டிப் படிக்க முடியாது என்பதற்கு இது போதும்.

இனி அழுத்தம். தமிழில் ஓர் அசையை அழுத்துவதால் சொல்லின் பொருள் மாறுவதில்லை. குறிலா நெடிலா, ஒற்றையா இரட்டையா என்பதே பொருளை மாற்றும். டச்சில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அசை தலை நிமிர்ந்து நிற்கும். அதன் குரல் சற்று உயரும், நேரம் சற்று நீளும், உயிரொலி முழுமையாக இருக்கும். அழுத்தம் பெறாத பல அசைகளில் உயிரொலி மங்கி, நாக்கைச் சும்மா வைத்துக்கொண்டு சொல்லும் ஓர் அரைகுறை ‘எ’ ஆகிவிடும்; நம் குற்றியலுகரம் மாத்திரை குறைவதுபோல் இதுவும் குறுகிப்போகும். அந்த மங்கிய ‘எ’ ஒருபோதும் அழுத்தம் ஏற்காது.

கூட்டுச்சொல்லின் பொது விதி எளிமையானது. முதல் துண்டு தனியாக இருந்தபோது எந்த அசையில் அழுத்தம் வைத்திருந்ததோ, அதே அசை முழுச் சொல்லின் தலைமை அழுத்தத்தைப் பெறுகிறது. மற்றத் துண்டுகள் தத்தம் அழுத்தத்தை இழக்காமல், ஒரு படி தாழ்த்திக்கொள்கின்றன. டெக்பெட்ஓவெர்ட்ரெக்கில் டெக் உயர்ந்து நிற்க, ஓ அடுத்த படியில் நிற்கிறது. வெர் காதில் விழுவதே அரிது. மருத்துவமனையைக் குறிக்கும் ஸீகென்ஹௌய்ஸ் என்பதில் ஸீ. இதை ‘முதல் அசையை அழுத்து’ என்று சுருக்கி மனத்தில் வைத்துக்கொள்பவர்கள் பருத்தியில் தடுக்கி விழுவார்கள். பருத்தியின் டச்சுப் பெயரான காடூன் என்பதில் அழுத்தம் டூன் மேல். ஆகவே பருத்தி ஆலையான காடூன்ஃபாப்ரீக்கில் தலைமை அழுத்தம் இரண்டாம் அசையான டூன் மேல், துணை அழுத்தம் கடைசி அசையான ப்ரீக் மேல். காப்பீட்டு நிறுவனத்தைக் குறிக்கும் ஃபெர்ஸேகெரிங்ஸ்மாட்ஸ்ஃகப்பை ஏழு அசை கொண்டது. அதில் ஸே தலைமை, கடைசிப் பை துணை, இடையிலுள்ளவை எல்லாம் விரைந்து ஓடும். நடுவில் ரிங் என்பதற்குப் பின் நிற்கும் ஸ் எந்தப் பொருளும் இல்லாத ஒட்டு. ஆனால் நீண்ட சொல்லில் அதுவே மூட்டைக் காட்டிக்கொடுக்கும் துப்பு. ட்வேபெர்ஸோன்ஸ்டெக்பெட்ஓவெர்ட்ரெக்கிலும் பெர்ஸோன்ஸ் என்பதன் கடைசி ஸ் அந்த வேலையைத்தான் செய்கிறது.

கொங்கு நாட்டவருக்கு இங்கே ஒரு தனி இடர்ப்பாடு உண்டு என்று நினைக்கிறேன். நம் மரியாதை சொல்லின் வாலில் இருக்கிறது: சரீங்க, இல்லீங்க, வந்துட்டேனுங்க. அந்த ‘ங்க’வை நாம் விழுங்குவதில்லை, இழுக்கிறோம், இழுக்க இழுக்கப் பணிவு கூடும். அதே பழக்கத்தில் ஹண்டூக் என்பதை டூ நீள, லாகென் என்பதைக் கென் நீளச் சொன்னால், டச்சுக்காரர் கேட்க விரும்பும் தலை தாழ்ந்து, அவர் கேட்காமல் விடும் வால் நிமிர்ந்துவிடும். கோவையிலிருந்து நெதர்லாந்தின் ஐந்தோவனுக்கு வேலைக்குப் போகும் பொறியாளர்களிடமும் இதைக் கவனித்திருக்கிறேன். அந்த ஊரின் டச்சுப் பெயரான ஐன்ட்ஹோவெனிலேயே அழுத்தம் முதல் அசையான ஐன்ட் என்பதில் இருக்க, அவர்கள் ஹோவை இழுப்பார்கள்.

விதிவிலக்குகள் இல்லாமல் இல்லை. ஆம்ஸ்டர்டாம், ராட்டர்டாம் இரண்டுமே அணை என்னும் பொருளுள்ள டாம் சேர்ந்த பெயர்கள். இரண்டிலும் அழுத்தம் கடைசியில். நகர மன்றமான ஸ்டட்ஹௌய்ஸ் ஹௌய்ஸில் அழுத்தம் பெறுகிறது, நகரத் தலைவரான பெர்ஃகெமேஸ்டெர் மேயில். தெருப் பெயர்களில் இன்னும் நுட்பம்: ஆம்ஸ்டர்டாமில் ‘ஸ்ட்ராட்’ என்று முடியும் கால்வெர்ஸ்ட்ராட்டுக்கு முதல் துண்டில் அழுத்தம், ‘ஃக்ரஃக்ட்’ என்று முடியும் பிரின்ஸென்ஃக்ரஃக்டுக்கும் ‘ப்லைன்’ என்று முடியும் லைட்ஸெப்லைனுக்கும் கடைசியில் அழுத்தம். சில பின்னொட்டுகள் அழுத்தத்தைத் தம் பக்கம் இழுத்துக்கொள்ளும்; தற்செயலைக் குறிக்கும் டூஃபல் என்பதில் டூ அழுத்தம் பெற, தற்செயலான என்னும் டூஃபலெஃக் என்பதில் அது ஃப மேல் நகர்ந்துவிடுகிறது. வினைகளில் அழுத்தம் பொருளையே மாற்றும்: ஃபோர்கோமென் என்பதில் ஃபோர் உயர்ந்தால் ‘நிகழ்தல்’, கோ உயர்ந்தால் ‘வராமல் தடுத்தல்’. ஒப்பந்தக் கடிதத்தில் இந்தச் சொல் வந்தால் எழுத்து உதவாது. சூழலைப் பார்த்துத்தான் பொருள் கொள்ள வேண்டும்.

மூட்டு இடம் மாறினால் பொருள் மாறும் சொற்களை டச்சுக்காரர்கள் விளையாட்டாகச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். க்வார்ட்ஸ்லாஃகென் என்பதை க்வார்ட்-ஸ்லாஃகென் என்றால் கால் சுற்றுத் திருப்பங்கள், க்வார்ட்ஸ்-லாஃகென் என்றால் குவார்ட்ஸ் கல்லின் அடுக்குகள். ஃபல்-கௌய்ல் என்பது விழவைக்கும் குழி. ஃபல்க்-ஔய்ல் என்று பிரித்தால் வல்லூறும் ஆந்தையும் கலந்த ஒரு பறவை, கேலிக்காக மட்டும் உயிர் வாழ்வது. எழுத்து ஒன்றே என்றாலும் காதுக்கு இரண்டும் ஒன்றல்ல. டச்சில் ல், க் இரண்டும் ஒரே அசையின் இறுதியில் சேர்ந்தால் நடுவில் ஒரு மெல்லிய ‘எ’ நுழைவது பேச்சு வழக்கு. பாலைக் குறிக்கும் மெல்க் மெலெக் என்று வருவது இதனால்தான். நாம் ஃபில்மைப் பிலிம் ஆக்கியதும் இதே உந்துதலால். ஆகவே வல்லூறு ஃபலெக் ஆகலாம். குழியில் ல் ஓர் அசையிலும் க் அடுத்த அசையிலும் இருப்பதால் அந்த ‘எ’வுக்கு வழியில்லை. இன்னொரு சொல்லை மஸாஷெ-பெட் என்று பிரித்து ஸாவை அழுத்தினால் உடல் பிடித்துவிடும் கட்டில், மஸா-ஃகெபெட் என்று பிரித்து முதல் மவை அழுத்தினால் கூட்டு வழிபாடு.

நம்மிடம் இதற்குப் பெயரே உண்டு: பிரிமொழிச் சிலேடை. “எழுத்தோ ரன்ன பொருள்தெரி புணர்ச்சி இசையின் திரிதல் நிலைஇய பண்பே” என்று தொல்காப்பியம் எழுத்ததிகாரத்தின் புணரியலில் சொல்கிறது. எழுத்து ஒன்றாக இருந்து பொருள் வேறாகும் புணர்ச்சிகள், சொல்லும் இசையால் வேறுபடும் என்பது கருத்து. உரையாசிரியர்கள் காட்டும் ‘செம்பொன்பதின்றொடி’, செம்பொன் பதின்தொடியாகவும் செம்பு ஒன்பதின்தொடியாகவும் பிரியும். தங்கமா செம்பா என்பது நாம் நிறுத்தும் இடத்தைப் பொறுத்தது. க்வார்ட்ஸ்லாஃகெனுக்கு இந்த நூற்பா அப்படியே பொருந்துகிறது.

கடைசியாக, லேபிள் தொழிலில் இருப்பவர்களுக்கான செய்தி. நாடா குறுகலானது, நீண்ட சொல்லை எங்காவது உடைத்துத்தான் அச்சிட வேண்டும். டச்சு முறைப்படி கூட்டுச்சொல்லை முதலில் மூட்டில் உடைக்க வேண்டும். அது போதாதபோதே துண்டுக்குள் அசைகளில் உடைக்கலாம். தனி ஓரெழுத்தை வரியோரத்தில் விடக்கூடாது. கூட்டுச்சொல்லின் உள்துண்டுக்கும் இது பொருந்தும். மென்பொருளில் மொழி அமைப்பை டச்சுக்கு மாற்றாமல் கணினியிடம் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு எங்களுக்கு வந்த ஒரு மாதிரிப் படி சான்று. ஹூஸ்லாகென் அதில் ஹூ-ஸ்லாகென் என்று உடைந்திருந்தது. ஹூ என்றால் ‘எப்படி’, ஸ்லாகென் என்றால் பெருமூச்சு முதலியவற்றை ‘விடுதல்’. டெக்பெட்ஓவெர்ட்ரெக் அதே படியில் டெக்பெடோ-வெர்ட்ரெக் ஆகியிருந்தது. வெர்ட்ரெக் என்றால் ‘புறப்பாடு’. விமான நிலையத்துப் பலகையில் இருக்க வேண்டிய சொல் போர்வை உறையின் ஓரத்தில் வந்து உட்கார்ந்திருந்தது. இதைத் தவிர்க்க நாங்கள் இப்போது வடிவமைப்புக் கோப்பிலேயே ஒவ்வொரு மூட்டிலும் கண்ணுக்குத் தெரியாத இணைகோட்டைச் செருகி அனுப்புகிறோம். வரி அங்கே உடைந்தால் மட்டும் அது கோடாகத் தெரியும், இல்லாவிட்டால் மறைந்தே இருக்கும். எழுத்தின் அளவைக் குறைப்பதைவிட இது எளிது. ஆனால் டச்சு தெரிந்த ஒருவர் மூட்டுகளைக் கையால் குறித்துக் கொடுத்த பிறகே கோப்பை அச்சுக்கு அனுப்புங்கள்.